யானைகளின் குற்றொலி ஆய்வில் பெண் அறிவியலாளர்கள்

நொடிக்கு 20 அதிர்வுகளுக்கும் குறைவான ஒலி மனிதக் காதுக்கு எட்டாது. அதற்குக் குற்றொலி என்று பெயர். யானைகளின் உறுமல்கள் பலவற்றின் அடிப்படை அதிர்வெண் இந்த எல்லையை ஒட்டியோ அதற்குக் கீழோ அமைந்திருக்கிறது. 1980களில் இதைக் கருவிகொண்டு அளந்து நிறுவியதிலும், பின்னர் யானைகளைக் காக்கும் கருவியாக வளர்த்ததிலும் முன்னின்றவர்களில் பலர் பெண்கள். அமெரிக்கர்களான கேட்டி பெய்ன், சிந்தியா மாஸ், ஜாய்ஸ் பூல், ஆண்ட்ரியா டர்கலோ, பிரிட்டனின் கேரன் மெக்கோம்ப், லூசி கிங், கென்யாவின் சொய்லா சயாலெல், கட்டிட்டோ சயாலெல், நோரா ஞ்சிராய்னி ஆகியோர் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள்.

அம்போசெலி

ஒலியைப் பதிவுசெய்வது எளிது. எழுப்பிய யானை எது, அது யாருக்குத் தாய், எந்தக் குடும்பத்தோடு அதற்கு உறவு என்று தெரியாவிட்டால் அந்தப் பதிவுக்குப் பொருள் இல்லை. இந்த அடித்தளத்தை இட்டவர் சிந்தியா மாஸ். தத்துவம் படித்து, நியூஸ்வீக் இதழில் பணியாற்றிவந்த இவர் அந்த வேலையை விட்டு ஆப்பிரிக்கா சென்றார். 1972இல் கிளிமஞ்சாரோ மலையடிவாரத்தில் உள்ள கென்யாவின் அம்போசெலியில் ஹார்வி குரோஸுடன் சேர்ந்து யானை ஆய்வைத் தொடங்கினார். காதின் கிழிசல், துளை, நரம்போட்டம், தந்தத்தின் வடிவம் ஆகியவற்றைக்கொண்டு ஒவ்வொரு யானையையும் அடையாளம் கண்டு பெயரிட்டார். பிறப்பும் இறப்பும் அன்று முதல் இடைவிடாமல் பதிவாகின்றன. அரை நூற்றாண்டைக் கடந்த இந்தப் பதிவேடு இல்லையென்றால், கீழே சொல்லப்படும் ஆய்வுகளில் பாதி நடந்தே இருக்காது.

ஜாய்ஸ் பூல் 1975இல், தமது 19ஆம் வயதில், அங்கு வந்து சேர்ந்தார். அவருக்குக் கிடைத்த பணி களிறுகளைக் கவனிப்பது. சில களிறுகள் சிறுநீரைச் சொட்டியபடி, கன்னப்பொறியில் நீர் வழிய, மூர்க்கமாகத் திரிவதைக் கண்டபோது முதலில் நோயோ என்ற ஐயம் எழுந்தது. மதம் ஆசிய யானைக்கே உரியது என்றுதான் அறிவியலாளர் அதுவரை கருதியிருந்தனர். நம் பாகர்களுக்குக் காலங்காலமாகத் தெரிந்த அதே மதநீர்தான் ஆப்பிரிக்கக் களிறுக்கும் ஒழுகுகிறது என்று பூலும் மாஸும் 1981இல் நேச்சர் இதழில் நிறுவினர். பூல் பின்னர் கென்ய வனவுயிர்த் துறையில் யானைத் திட்டத்துக்குத் தலைமை தாங்கினார்.

காற்றில் ஒரு துடிப்பு

யானைகள் நமக்குக் கேட்காத ஒலியை எழுப்புகின்றன என்பதை முதலில் குறித்தவர் தமிழ்நாட்டின் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றி 1970களில் வெளிவந்த அவருடைய கள ஆய்வில் இந்த அவதானிப்பு இருக்கிறது. கருவி எதுவும் இன்றி, காட்டில் நின்று கவனித்தே அதைக் கண்டார் என்பது அவருடைய கூர்மைக்குச் சான்று.

அதைக் கருவிகொண்டு அளந்தவர் கேட்டி பெய்ன். கார்னெல் பல்கலைக்கழகத்தில் இசையும் உயிரியலும் படித்த இவர், திமில் முதுகுத் திமிங்கிலங்களின் பாடல் காலப்போக்கில் மாறிவருவதை முன்பே கண்டறிந்தவர். 1984இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து விலங்குக்காட்சிசாலையில் ஆசிய யானைகளின் அருகே இருந்தபோது காற்றில் ஒரு துடிப்பை உணர்ந்தார். காதில் எதுவும் விழவில்லை. இளம் வயதில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடியபோது, ஆர்கன் வாத்தியத்தின் மிகப் பெரிய குழாய் ஒலிக்கையில் இதே துடிப்பை உணர்ந்தது நினைவுக்கு வந்தது. தாழ்ந்த அதிர்வுகளைப் பிடிக்கும் கருவிகளுடன் திரும்பி வந்து பதிவுசெய்தார். நாடாவை வேகமாகச் சுழலவிட்டபோது யானைகளின் குரல் கேட்டது. வில்லியம் லாங்பாயர், எலிசபெத் தாமஸ் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1986இல் வெளியானது.

இந்த ஒலி குரல்வளையில்தான் பிறக்கிறது. நுரையீரலிலிருந்து வரும் காற்று பெரிய குரல்மடிப்புகளை அதிரச்செய்கிறது. தசைகளின் துடிப்பு அதற்குத் தேவையில்லை. பெர்லினில் இயற்கையாக இறந்த ஒரு யானையின் குரல்வளையில் காற்றைச் செலுத்தி, ஆங்கெலா ஸ்டோகர் இடம்பெற்ற வியன்னாக் குழு 2012இல் இதை மெய்ப்பித்தது.

தாழ்ந்த ஒலியை மரமும் புல்லும் காற்றும் குறைவாகவே உறிஞ்சுவதால் அது நெடுந்தொலைவு செல்லும். நமீபியாவின் எத்தோஷாவில் பெய்னும் உடனிருந்தோரும் யானைக் குரல்களை ஒலிபெருக்கியில், இயல்பான வலிமையில் பாதி அளவுக்கு, ஒலிக்கவிட்டனர். 2 கி.மீ. தொலைவில் இருந்த யானைகள் திரும்பிப் பார்த்தன. களிறுகள் ஒலி வந்த திசையை நோக்கி நடந்தன. உண்மையான குரல் குறைந்தது 4 கி.மீ. எட்டும் என்று இதிலிருந்து கணித்தனர். அந்திக்குப் பின் நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே வெப்பக்காற்று மூடிக்கொள்ளும் வேளையில் இந்தத் தொலைவு 10 கி.மீ. வரை நீளக்கூடும்.

யார் பேசுகிறார், யார் கேட்கிறார்

சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கேரன் மெக்கோம்ப் அம்போசெலியில் குரல்களை ஒலிக்கவிட்டுச் சோதித்தார். ஒரு பிடி ஏறத்தாழ 100 யானைகளின் குரலை அறியும் என்பது 2000இல் வெளியான முடிவு. மறு ஆண்டு வந்த கட்டுரை இன்னும் முக்கியமானது. மூத்த பிடி தலைமை தாங்கும் குடும்பம் அறிந்த குரலையும் அந்நியக் குரலையும் துல்லியமாகப் பிரித்தறிகிறது. அத்தகைய குடும்பங்களில் கன்றுகளும் கூடுதலாகப் பிறக்கின்றன. பெரிய தந்தத்துக்காக வேட்டையாடுவோர் முதிய யானைகளையே முதலில் குறிவைக்கிறார்கள். அப்படி ஒரு பிடி சாகும்போது குடும்பமே தன் அறிவை இழக்கிறது. 2014இல் வந்த மற்றொரு ஆய்வு, யானையை ஈட்டியால் தாக்கக்கூடிய மாசாய் ஆண்களின் குரலைக் கேட்டால் யானைகள் கூடி ஒடுங்குவதையும், கம்பா இன ஆண்கள், மாசாய்ப் பெண்கள், சிறுவர்கள் ஆகியோரின் குரலுக்கு அவ்வளவு அஞ்சாததையும் காட்டியது.

2001ஆம் ஆண்டுக் கட்டுரையில் சொய்லா சயாலெல்லும், 2014ஆம் ஆண்டுக் கட்டுரையில் கட்டிட்டோ சயாலெல்லும் இணையாசிரியர்கள். மாசாய்ப் பெண்களான இவர்களும் நோரா ஞ்சிராய்னியும் பல பத்தாண்டுகளாக நூற்றுக்கணக்கான யானைகளைப் பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லும் திறன் பெற்றவர்கள். வெளிநாட்டு ஆய்வாளர்களின் புகழ் இவர்களின் உழைப்பை மறைத்துவிட்டது நியாயமன்று.

லூசி கிங் ஒலி ஆய்வை வயலுக்குக் கொண்டுவந்தார். தேனீக்களின் ரீங்காரம் கேட்டால் யானைகள் விலகி ஓடுகின்றன என்று 2007இல் காட்டினார். அப்போது அவை தனித்த எச்சரிக்கை உறுமல் ஒன்றை எழுப்புவதும் 2010இல் தெரியவந்தது. கம்பியில் தேனீப்பெட்டிகளை வரிசையாகத் தொங்கவிடும் வேலி இதிலிருந்து பிறந்தது. யானை கம்பியைத் தொட்டால் பெட்டிகள் ஆடும், தேனீக்கள் கிளம்பும். பயிர் தப்பும், உழவருக்குத் தேனும் கிடைக்கும். இலங்கையிலும் இம்முறை சோதிக்கப்பட்டுவருகிறது.

மழைக்காட்டில்

அடர்காட்டில் யானையைக் கண்ணால் எண்ண முடியாது. 1999 வாக்கில் பெய்ன் கார்னெலில் தொடங்கிய யானை ஒலிகேட்புத் திட்டம் இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டது. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் ட்சாங்கா வெளியில் ஆண்ட்ரியா டர்கலோ 1990 முதல் காட்டு யானைகளைத் தனித்தனியே அடையாளம் கண்டு பதிந்துவந்தார். எத்தனை யானைகள் இருந்தால் எத்தனை குரல் பதிவாகும் என்ற கணக்கை அங்கே சரிபார்த்து, மியா தாம்சன் உள்ளிட்டோர் குரல்வழிக் கணக்கெடுப்பு முறையை வகுத்தனர். கானாவின் ககும் காட்டில் அது பயன்பட்டது. 2017 முதல் வடக்குக் காங்கோவின் நுவாபலே–ந்தோக்கி பகுதியில் 50 ஒலிப்பதிவுக் கருவிகள் மரங்களில் கட்டப்பட்டன. அவற்றின் பதிவுகளில் யானைக் குரலோடு துப்பாக்கிச் சத்தத்தையும் கணினி தேடிப் பிரிக்கிறது. எந்தப் பகுதியில், எந்த நேரத்தில் வேட்டை நடக்கிறது என்று காவலர்களுக்கு இதன்மூலம் தெரிகிறது. திட்டத்துக்கு இப்போது தலைமை தாங்குபவர் டானியேலா ஹெட்விக்.

2013 மார்ச்சில் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் கிளர்ச்சியாளர்கள் ஆட்சியைப் பிடித்தபோது டர்கலோ முகாமைவிட்டுத் தப்பிச்செல்ல நேர்ந்தது. இரண்டே மாதத்தில் ட்சாங்காவில் 26 யானைகள் சுட்டுக் கொல்லப்பட்டன. காட்டு யானைகளின் எண்ணிக்கை 2002க்கும் 2011க்கும் இடையில் ஏறத்தாழ 62 விழுக்காடு சரிந்ததாக, ஃபியோனா மைசல்ஸ் முதன்மை ஆசிரியராக இருந்த ஆய்வு அதே ஆண்டில் தெரிவித்தது. டர்கலோவின் பதிவுகளோ இந்த இனத்துப் பிடிகள் சராசரியாக 23 வயதில்தான் முதல் கன்றை ஈனுகின்றன, அடுத்த கன்றுக்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகின்றன என்று காட்டின. அந்தப் பத்தாண்டு இழப்பை ஈடுகட்ட ஏறக்குறைய 90 ஆண்டுகள் வேண்டும் என்பது அவற்றிலிருந்து பெறப்பட்ட மதிப்பீடு. 2021இல் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் ஆப்பிரிக்கக் காட்டு யானையைத் தனி இனமாகக் கொண்டு, மிக அருகிய இனங்களின் பட்டியலில் சேர்த்தது.