மெசினாவுக்கு வந்த கப்பல்கள்

இத்தாலியின் தென்முனையையும் சிசிலித் தீவையும் பிரிப்பது மெசினா நீரிணை. அதன் மேற்குக் கரையில் மெசினா நகரம், எதிர்க்கரையில் ரெஜியோ. 1908ஆம் ஆண்டு டிசெம்பர் 28ஆந் திகதி அதிகாலை 5.20 மணியளவில் நிலம் நடுங்கிற்று. ஒரு நிமிடத்துக்குள் இரு நகரங்களும் இடிந்து வீழ்ந்தன. வீடு விழுமென அஞ்சிக் கடற்கரைக்கு ஓடியோரைச் சில நிமிடங்களிற் பேரலை வாரிச் சென்றது. இறந்தோர் 80,000 பேர் வரையில் என்பர். அதனினும் மிகுத்துக் கூறுவாரும் உளர்.

தந்திக் கம்பிகள் அறுந்தன. புகையிரதப் பாதைகள் சிதைந்தன. துறைமுகத்தில் நின்ற ‘ஸ்பிகா’ என்னும் சிறு இத்தாலியப் போர்க்கப்பல் கலாபிரியக் கரையோரமாய்ச் சென்று, தந்தி இயங்கும் ஊரொன்றைக் கண்ட பின்னரே செய்தி உரோமாபுரியை எட்டியது. அதற்குள் மாலையாகிவிட்டது. இடிபாட்டின்கீழ்க் கிடந்தோர்க்கு அப்பகல் எத்துணை நீண்டிருக்கும்!

அவ்வேளை, கடற்படை மாணவரைப் பயிற்றும் பொருட்டு வந்த இரஷ்யப் போர்க்கப்பல்கள் சிசிலியின் அகுஸ்தா துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்தன. தளபதி லித்வினோவ் புறப்பட ஆணையிட்டார். மறுநாட் காலை ‘செசாரேவிச்’, ‘ஸ்லாவா’, ‘அட்மிரல் மக்காரொவ்’ ஆகியன மெசினாவை அடைந்தன. வாலிப மாணவரும் மாலுமிகளும் மண்வெட்டியும் கடப்பாரையும் ஏந்திக் கரையிறங்கினர். ‘செசாரேவிச்’ நான்காண்டுகளுக்கு முன்னர் ஜப்பானியரோடு பொருது குண்டடிபட்ட கப்பல் என்பதும் நினைக்கத்தக்கது. பிரித்தானியக் கப்பல்களும் விரைந்து வந்து சேர்ந்தன.

பெருங்கப்பல் ஏன் அத்துணை பயன்பட்டது? கடல்நீரைக் காய்ச்சிக் குடிநீராக்கும் பொறி அதனுள் உண்டு. அடுக்களையும் வைத்தியரும் உண்டு. கட்டளைக்குப் பழகிய நூற்றுக்கணக்கான கைகளும் உண்டு. கரையிலோ இவற்றுள் ஒன்றும் எஞ்சவில்லை. காயமுற்றோரை ஏற்றி நேப்பிள்ஸ் வைத்தியசாலைகளுக்குக் கொண்டுசென்றதும் கப்பல்களே. பாதை செப்பனிடும் வரை காத்திருந்தால் அவர்களுட் பலர் பிழைத்திரார்.

நமக்கு அறிமுகமான கப்பல்களும் இதிற் சேர்ந்தன. உலகை வலம்வந்த அமெரிக்கப் பெருங்கடற்படை, அந்த டிசெம்பரிலேதான் கொழும்பிற் சில நாட்கள் தங்கிச் சென்றிருந்தது. 1909 ஜனவரித் தொடக்கத்தில் அது சுயெசை அடைந்தபோது செய்தி கிடைக்கவே, உணவுப் பண்டங்களுடன் ‘கல்கோவா’ முதலிய கப்பல்கள் மெசினாவுக்கு அனுப்பப்பட்டன. உயிரோடு மீட்பதற்குக் காலங் கடந்திருந்தது. ‘இலினோய்ஸ்’ கப்பலின் மாலுமிகள் தம் நாட்டுக் கொன்சலையும் அவர் மனைவியையும் இடிபாட்டினின்று எடுத்தனர், உடலங்களாகவே எடுத்தனர்.