ரோசாப்பூ துரை: ஏழை எளியோருக்காக வாதாடிய மதுரை வக்கீல்



விழா மலர் என்றதும் ஆலயம் எழும்பிய வரலாறு, பங்குக் குருக்களின் வரிசை, கோயிலுக்கு உழைத்தவர்களின் நினைவு ஆகியவற்றை எல்லாரும் எதிர்பார்ப்பது இயல்பு. அவை இம்மலரின் வேறு பக்கங்களில் இருக்கின்றன. இந்தப் பக்கங்களில் நம் பங்கில் பிறவாத, நம் ஊரில் வாழாத ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். நம் ஊராரல்லாதவருக்கு நம் மலரில் என்ன வேலை என்று கேட்போர் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம். அந்தக் கேள்வியே அவர் வாழ்க்கையில் ஒரு பெரிய இடத்தைப் பிடித்த கேள்விதான்.

நம் குடும்பங்களில் படித்த மாமா ஒருவர் இருப்பார். சொந்தப் பிள்ளைகளைவிட அக்காள், தங்கை பிள்ளைகள் மேல் அவருக்கு ஒரு பங்கு அதிகக் கரிசனம் இருக்கும். பட்டா மாறவேண்டுமென்றால் அவர்தான் மனு எழுதவேண்டும். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தால் அவரைத்தான் முதலில் தேடுவோம். வேடசந்தூர்த் தாலுகா ஆபீஸ் வாசலில் வெயிலில் காத்து நிற்பவரும் அவரே. அந்த மாமா வக்கீலாக இருந்துவிட்டால் ஊருக்கே மாமா ஆகிவிடுகிறார். ஒரு குடும்பத்துக்கு அல்ல, ஓர் இனத்துக்கே அப்படி மாமாவாக இருந்தவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் அவர்கள்.

இப்போது அய்யலூர் திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் 1985-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி வரை நாமும் மதுரை மாவட்டத்தாரே. பெரிய வழக்கு, பெரிய வக்கீல், பெரிய ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் நம் முன்னோர் ரயிலேறிய ஊர் மதுரை. திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு இருப்புப் பாதை 1875-ல் திறக்கப்பட்டது. அந்தப் பாதை அன்றும் இன்றும் நம் ஊரை ஒட்டியே போகிறது. ஆகவே மதுரைக் கோர்ட்டில் நின்ற ஒரு வக்கீலை நம் ஜில்லாக்காரர் என்று உரிமையோடு சொல்ல நமக்கு வழியுண்டு.

ஜார்ஜ் ஜோசப் 1887-ம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த செங்கன்னூரில், சிரியன் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் தலைமகனாகப் பிறந்தார். பிற்காலத்தில் இந்தியாவெங்கும் பேர்பெற்ற பத்திரிகையாசிரியராக விளங்கிய போத்தன் ஜோசப் அவருடைய தம்பி. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும், பின் எடின்பரோ பல்கலைக் கழகத்திலும் படித்தார். லண்டன் மிடில் டெம்பிளில் சட்டம் பயின்று 1909-ம் ஆண்டு ஜனவரியில் நாடு திரும்பினார். சிறிது காலம் சென்னையில் தொழில் செய்துவிட்டு மதுரைக்கு வந்தார். தாய்மொழி மலையாளம், படித்தது ஆங்கிலம், வாதாடியது தமிழ் மக்களுக்காக.

சீமைக்குப் போய் வந்த பாரிஸ்டருக்கு அந்நாளில் பங்களா, கோச்சு வண்டி, கிளப்பு என்று வசதியான வாழ்க்கை தானாகவே வந்து சேரும். ஜார்ஜ் ஜோசப்பும் கைநிறையச் சம்பாதித்தவர்தான். கோட்டில் ரோஜாப்பூ செருகிக்கொண்டு நடந்தவர்தான். ஆனால் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. 1919-ம் ஆண்டு மார்ச்சு மாதம் ரௌலட் சட்டத்தை எதிர்த்துப் பேச மதுரைக்கு முதன்முதலாக வந்த காந்தியடிகள் தங்கியது அவர் வீட்டில்தான். அதற்குச் சற்று முன், மதுரை விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் பேசியதற்காக டாக்டர் வரதராஜுலு நாயுடு மீது வழக்கு வந்தபோது, ராஜாஜி அவருக்காக வாதாட, உடன் நின்று உதவியவர் இவர். ஹோம் ரூல் இயக்கத்தின் தூதுக்குழுவில் ஒருவராக இங்கிலாந்துக்குக் கப்பலேறி, ஜிப்ரால்டரில் தடுக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவரும் இவரே. மதுரைப் பஞ்சாலைத் தொழிலாளருக்குச் சங்கம் கூட்டிக் கூலி உயர்வும் வேலை நேரக் குறைப்பும் வாங்கித் தந்தார். முதலாளிகளும் சர்க்காரும் ஒன்றுசேர்ந்து பிறகு அச்சங்கத்தை நசுக்கிவிட்டது வேறு கதை.

நாம் நின்று நிதானமாகப் பார்க்கவேண்டியது கள்ளர் நாட்டுச் சங்கதியை. நம் இளைஞரில் பலருக்கு இது தெரியாது.

1871-ல் வெள்ளைக்கார அரசு வடநாட்டில் குற்றப்பரம்பரைச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 1911-ல் அதைத் திருத்திச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டியது. குற்றம் செய்தவனைத் தண்டிக்கும் சட்டமல்ல அது. இன்ன சாதியில் பிறந்தவன் பிறவியிலேயே குற்றவாளி என்று சொல்லும் சட்டம். மதுரை ஜில்லாவில் பிரமலைக் கள்ளர்மீது அது பாய்ந்தது. வயதுவந்த ஆண்கள் எல்லாரும் கைரேகை வைத்துப் பெயரைப் பதியவேண்டும். அதனால் மக்கள் அதற்கு வைத்த பெயரே ரேகைச் சட்டம். பதிவானவர்கள் இரவில் வீட்டில் படுக்கக்கூடாது. போலீசார் காட்டும் இடத்தில் படுக்கவேண்டும், அல்லது குறித்த நேரத்தில் போய் முகத்தைக் காட்டவேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்கவேண்டும். புதுமாப்பிள்ளைக்கும் விலக்கில்லை, கிழவனுக்கும் விலக்கில்லை. பகலெல்லாம் ஏர் உழுதவன் இரவில் மனைவி மக்களை விட்டுச் சாவடித் திண்ணையில் கிடக்கவேண்டும். அய்யலூர்ச் சந்தைக்கு ஆட்டை ஓட்டிவரும் ஒருவர், பிறந்த சாதிக்காக வழிநெடுகச் சீட்டைக் காட்டிக்கொண்டே வரவேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

உசிலம்பட்டிப் பக்கத்திலுள்ள பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி போலீசார் அவர்கள்மீது துப்பாக்கியால் சுட்டனர். மாயக்காள் என்ற பெண்மணி உள்ளிட்ட 16 பேர் மாண்டனர். அமிர்தசரஸ் ஜாலியன்வாலாபாகில் நடந்ததைப் பள்ளிப் பாடத்தில் படிக்கிறோம். அதற்கு மறு வருஷமே நம் பழைய ஜில்லாவுக்குள் நடந்த இது எத்தனை பேருக்குத் தெரியும்?

மதுரையில் பேசத்தெரிந்த வக்கீல்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஊரே திருடர் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்காக வாதாட முன்வருவது என்பது, தன் பெயரையும் அந்த முத்திரையின் அருகில் வைப்பதாகும். ஜார்ஜ் ஜோசப் அதற்குத் தயங்கவில்லை. அவர்களுடைய வழக்குகளைக் கோர்ட்டில் எடுத்து நடத்தினார். சட்டமே அநீதி என்று பத்திரிகைகளிலும் எழுதினார். கள்ளருக்கும் மறவருக்கும் அவர் தம் வீட்டு மனிதராகிப் போனார்.

அவர்கள் அவருக்கு இட்ட பெயர்தான் ரோசாப்பூ துரை. கோட்டில் குத்திய ரோஜாவால் வந்த பெயர் என்பார்கள். எங்களுக்கு வேறொன்றும் தோன்றுகிறது. ஜோசப் என்ற பெயர் கிராமத்து நாவில் ரோசாப்பு என்று உருண்டிருக்கலாமே! நம் பங்கில் அதே பெயர் சூசை ஆகிவிட்டதல்லவா? சூசையப்பர் சுரூபத்தின் கையிலும் ஒரு பூ உண்டு, அது லீலி. தாம் பெறாத பிள்ளையை வளர்த்துக் காத்தவர் அவர். இந்த ஜோசப்பும் தம் இனமல்லாத, மொழியல்லாத, மதமல்லாத பிள்ளைகளுக்குக் காவலாக நின்றார். துரை என்ற சொல்லையும் கவனியுங்கள். வெள்ளைக்காரக் கலெக்டரைக் கூப்பிடும் சொல் அது. வெள்ளைக்காரன் சட்டத்தால் மிதிபட்ட மக்கள் அந்தச் சொல்லை அவனிடமிருந்து பறித்துத் தங்கள் வக்கீலுக்குச் சூட்டினார்கள். தங்கள் பிள்ளைகளுக்கும் ரோசாப்பூ என்று பெயர் வைத்தார்கள். பீஸ் வாங்கும் வக்கீலின் பெயரை யாராவது தன் பிள்ளைக்கு வைப்பார்களா?

ஒத்துழையாமை இயக்கம் வந்ததும் நல்ல வருமானமுள்ள வக்கீல் தொழிலைத் துறந்தார். மோதிலால் நேருவின் இண்டிபெண்டண்ட் பத்திரிகைக்கு ஆசிரியராக அலகாபாத்துக்குப் போனார். 1921 டிசம்பரில் கைதாகிச் சிறைப்பட்டார். விடுதலையானபின் 1923-ல், காந்தியடிகள் சிறையில் இருந்த காலத்தில், அவருடைய யங் இந்தியா பத்திரிகையையும் நடத்தினார்.

அடுத்து வந்தது வைக்கம். 1924-ம் ஆண்டு மார்ச்சு 30-ந் தேதி, கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தாழ்த்தப்பட்டோரும் நடக்க உரிமை கேட்டு அங்கே சத்தியாக்கிரகம் தொடங்கியது. தலைவர்கள் ஒவ்வொருவராகக் கைதானதும் பொறுப்பு ஜார்ஜ் ஜோசப் தோளில் விழுந்தது. அப்போது காந்தியடிகள் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தீண்டாமை இந்துக்களின் பாவம். அதைப் போக்கும் பிராயச்சித்தத்தை இந்துக்களே செய்யட்டும். கிறிஸ்தவராகிய நீங்கள் ஒதுங்கியிருங்கள் என்பது அதன் கருத்து. தலைக்கு மேல் மதித்த தலைவரின் சொல் அது. அந்த ஏப்ரல் மாதத்திலேயே ஜோசப் கைதாகிச் சிறை புகுந்தார். போராட்டத்தை ஏற்று நடத்த வரும்படி ஈரோட்டுக்குப் போன அழைப்பிலும் அவர் பங்கு உண்டு. பெரியார் ஏப்ரல் 13-ல் வைக்கம் வந்து சேர்ந்தார்.

காந்தியடிகளின் வாதத்தில் நியாயம் இல்லை என்று நாங்கள் சொல்லத் துணியவில்லை. வேற்று மதத்தார் தலையிட்டால் எதிரிகளுக்கு அதுவே சாக்காகும் என்ற அச்சம் அதில் உண்டு. ஆனால் ஜோசப்பின் மனம் எவ்வளவு நொந்திருக்கும் என்பதையும் நினைக்கவேண்டும். அவரைப் பொறுத்தவரை பொதுத் தெருவில் நடப்பது மத விஷயமல்ல, மனிதனுக்குள்ள உரிமை. நம்மவர் அல்லாதவர்க்கு நாம் ஏன் என்ற கேள்வி நம் ஊரிலும் குடிதண்ணீர்ப் பிரச்சினையிலிருந்து கோர்ட்டு வழக்கு வரை கேட்கிறது. கேட்பவர் சில சமயம் நாமாகவே இருக்கிறோம். பின்னாளில் காந்தியடிகளோடு அவருக்குக் கருத்து வேற்றுமைகள் வளர்ந்தன. பெரிய மனிதர்கள் இருவர் பிணங்கிக்கொள்வதைப் பார்ப்பது நமக்கு வருத்தமே; மறைக்க வேண்டியதல்ல.

மதுரைக்குத் திரும்பி மறுபடியும் கறுப்பு அங்கி அணிந்தார். அவர் கையாண்ட வழக்குகளில் ஒன்றை நாடே அறியும். 1933-ல் விருதுநகர் தபாலாபீசில் வெடிகுண்டு வீசிய சதிவழக்கில் காமராசரைச் சேர்த்தார்கள். அப்போது காமராசர் முப்பது வயது காங்கிரஸ் தொண்டர். அவருக்காக வரதராஜுலு நாயுடுவும் ஜார்ஜ் ஜோசப்பும் வாதாடினர், காமராசர் விடுதலையானார். பிற்காலத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவிட்டுப் பள்ளிக்கு அழைத்த முதலமைச்சரை நமக்குக் காத்துக் கொடுத்ததில் இந்த வக்கீலுக்கும் பங்குண்டு.

வக்கீல் தொழிலைப் பற்றி எழுதும்போது நம் கத்தோலிக்க மக்கள் நன்கறிந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை அவர்களை நினையாமல் இருக்கமுடியாது. முன்சீப்பாக இருந்த அவர் 1805 முதல் 1861 வரை உயர்ந்த கோர்ட்டுகள் அளித்த தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்து 1862-ல் வெளியிட்டார். 1879-ல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில், தமிழ்நாட்டுக் கோர்ட்டில் தமிழிலேயே வாதாடவேண்டும் என்று வக்கீல்களை இடித்துரைத்தார். தன் வழக்கு என்ன என்று கட்சிக்காரனுக்கே புரியாமல் நடக்கும் விசாரணை அவருக்குப் பொறுக்கவில்லை. பாஷை புரியாமல் நின்றவனுக்காக அவர் எழுதினார். ரேகை வைத்து நின்றவனுக்காக ஜோசப் வாதாடினார்.

இந்த இடத்தில் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறோம், பலருக்குப் பயன்படும். பணமில்லாத காரணத்தால் எவருக்கும் நீதி மறுக்கப்படக்கூடாது என்று 1976-ல் அரசியல் சட்டத்தில் 39-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அதற்கான இலவச சட்ட உதவிச் சட்டம் 1987-ல் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர் ஆகியோர் வருமானம் எவ்வளவு என்ற கேள்வியின்றி இலவசமாக வக்கீல் உதவி கேட்கலாம். தாலுகாக் கோர்ட்டிலேயே அதற்கான குழு உண்டு. வக்கீல் பீசுக்கு ஆட்டை விற்று, தோட்டத்தை அடகு வைக்கும் முன் அங்கே ஒரு மனு எழுதிக் கொடுங்கள். எழுதத் தெரியாதவருக்கு நம் பங்கின் படித்த பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும்.

1937-ல் ஜார்ஜ் ஜோசப் மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே நெடுநாள் பணிசெய்ய அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1938-ம் ஆண்டு மார்ச்சு 5-ந் தேதி மதுரை அமெரிக்கன் மிஷன் ஆஸ்பத்திரியில் காலமானார். வயது ஐம்பதுதான். சம்பாதித்திருக்கவேண்டிய ஆண்டுகளைச் சிறைக்கும் போராட்டத்துக்கும் கொடுத்துவிட்ட மனிதரின் குடும்பம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை, அத்தகைய மாமாமாரின் வீட்டில் வாழ்ந்தவர்கள் சொல்லாமலே அறிவார்கள். மனைவி சூசன்னா அம்மையாரின் தியாகத்துக்குத் தனிக்கட்டுரை வேண்டும்.

ரேகைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் ஒழிந்தது. அதற்காகப் போராடியோர் பலர். முத்துராமலிங்கத் தேவரும் ஜீவானந்தமும் அவர்களுள் முக்கியமானவர்கள். கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் என்ற பெயரில் தொடங்கிய பள்ளிக்கூடங்கள் மதுரை, தேனி மாவட்டங்களிலும் நம் திண்டுக்கல் மாவட்டத்திலும் உண்டு. அவற்றில் நம் பிள்ளைகள் சிலரும் படித்திருக்கிறார்கள். வாத்தியார் வேலையும் பார்த்திருக்கிறார்கள்.

மதுரை யானைக்கல்லில் அவருக்குச் சிலை இருக்கிறது. பிறந்த நாளிலும் இறந்த நாளிலும் உசிலம்பட்டிப் பக்கத்து மக்கள் வந்து மாலை போடுகிறார்கள். அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது பாலத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி, பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள்.