பெருந்தச்சனும் கட்டடக் கலைஞரும்: நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லைப்புறத்தை முன்வைத்து

முன்னுரை

1956 நவம்பர் 1ஆம் நாள் திருவிதாங்கூரின் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது; பாறசாலையை உள்ளடக்கிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆட்சி எல்லை பிரிந்தாலும் தச்சு மரபு பிரியவில்லை. ஆசாரி, மேஸ்திரி என்னும் சொற்கள் எல்லையின் இருபுறமும் வழங்குகின்றன. கட்டுவிப்போருக்கும் கட்டுவோருக்கும் இடையே நிற்கும் வல்லுநரின் கடமை காலந்தோறும் மாறிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெருந்தச்சன் மரபு

நண்பகல் நிழலால் திசையறிந்து, கயிறிட்டு அளந்து அரண்மனை வகுத்த வல்லுநர்களை நெடுநல்வாடை காட்டுகிறது. தபதி, சூத்திரகிராகி, தட்சகன், வர்த்தகி என நால்வரை மயமதம் வகைப்படுத்துகிறது. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு, வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனைப் பெயர் சுட்டிப் பதிவுசெய்துள்ளது. வகுத்தலும் மேற்பார்த்தலும் பணியின் தரத்தை உறுதிசெய்தலும் தலைமைத் தச்சனிடமே குவிந்திருந்தன எனலாம்.

ஒப்பந்த முறையின் வரவு

தற்கால ஒப்பந்தம் இம்மரபைப் பிரித்தது. உரிமையாளர் பணம் தருகிறார்; ஒப்பந்தக்காரர் கட்டுகிறார்; கட்டடக் கலைஞர் வரைபடம் தந்து, பணியைப் பார்வையிட்டு, முடிந்த வேலைக்குச் சான்று வழங்குகிறார். அச்சான்றின் பேரிலேயே பணம் கைமாறுகிறது. இங்கு அவர் நிலை இருதன்மையது: ஊதியம் பெறுவது உரிமையாளரிடம், சான்றளிக்கையில் இருவருக்கும் நடுநின்றாக வேண்டும்.

இக்கடமையின் கனத்தை இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை 1974இல் சட்கிளிஃப் எதிர் தாக்ரா வழக்கில் தெளிவாக்கியது. குறைபாடுள்ள வேலைக்கும் சான்று தரப்பட்டது, உரிமையாளர் பணம் செலுத்தினார், ஒப்பந்தக்காரர் நொடித்துப்போனார். கவனக்குறைவாகச் சான்றளித்த கட்டடக் கலைஞர் இழப்புக்குப் பொறுப்பேற்க வேண்டும் எனத் தீர்ப்பாயிற்று. இந்தியாவில் 1972ஆம் ஆண்டுக் கட்டடக் கலைஞர் சட்டத்தின் வழிவந்த 1989ஆம் ஆண்டு நடத்தை விதிகளும், ஒப்பந்தத்தை நடத்துகையில் நேர்மையும் நடுநிலையும் வேண்டும் என்கின்றன.

எல்லைப்புற நிலை

எனினும் அச்சட்டம் காப்பது கட்டடக் கலைஞர் என்னும் பட்டப்பெயரையே. தொழிலைச் செய்வதைப் பிறருக்கு அது தடுக்கவில்லை என உச்சநீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியது. எனவே மேஸ்திரியிடம் வாய்மொழியாகப் பேசி வீடு கட்டுவோருக்கு அவ்விதிகளின் காப்பு எட்டுவதில்லை. கட்டுபவரே அளவெடுத்து, தரம் கூறி, கூலியும் கேட்கிறார். அடித்தளத்தில் நேர்ந்த பிழை பூச்சுக்குள் மறைகிறது. குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பே அங்குப் பணயமாகிறது.

திருவனந்தபுரத்தில் குடியேறிப் பணியாற்றிய லாரி பேக்கர் (மறைவு 2007) வேறு வழி காட்டினார். கொத்தர்களோடு களத்தில் நின்று, வரைதலையும் கட்டுதலையும் மீண்டும் ஒரு கையில் இணைத்தார். அது பெருந்தச்சன் மரபை நினைவூட்டுவது. ஆயினும் ஒருவரின் நேர்மையை மட்டும் நம்பி நிற்கும் முறை, அவருக்குப் பின் நிலைக்கும் எனக் கொள்வதற்கில்லை.

முடிவுரை

பெருந்தச்சனைக் கட்டுப்படுத்தியது மரபு. கட்டடக் கலைஞரைக் கட்டுப்படுத்துவது விதி. மரபு தளர்ந்து விதியும் எட்டாத இடத்தில் சிறுவீட்டு உரிமையாளர் தனித்து நிற்கிறார். வேலையின் அளவு, பொருளின் தரம், பணம் தரும் கட்டங்கள் ஆகியவற்றைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, கட்டுபவர் அல்லாத ஒருவரிடம் சரிபார்க்கக் கொடுப்பதே இவ்வெற்றிடத்தை நிரப்பும் முதற்படி என்பது இவ்வாய்வின் முடிபாகும்.