பால்சுறாவும் முப்பத்தொரு நாளும்

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்த சேதி உறவுக்காரருக்கு முன்னமே மீன் சந்தைக்குத் தெரிந்துவிடும். விடியப்புறம் கூடையோடு வந்தவர் பாரையையும் அறக்குளாவையும் தாண்டிப் போய், முழ நீளத்துக்கு மேற்படாத சுறாக்குட்டி இருக்கிறதா என்று கேட்டால் போதும். "ஆருக்குப் பிள்ளை பிறந்திருக்கு?" என்று மீன் விற்கும் அம்மா கேட்டுவிடுவார். எந்தச் சுறாவானாலும் சரி என்று வாங்கிப் போக முடியாது. பால்சுறாதான் வேண்டும். பிள்ளைபெற்றவளுக்குப் பால் சுரக்க அதுவே கைகண்ட மருந்து என்பது தீபகற்பத்தின் கரையோரம் முழுவதும் ஊறிக் கிடக்கும் நம்பிக்கை.

இந்த நம்பிக்கை கடல் கடந்து அறிவியல் நூல்களுக்குள்ளும் போயிருக்கிறது. 1837இல் செங்கடல் மீன்களை ஆராய்ந்த ஜெர்மானியர் ருப்பெல் விவரித்த ஒரு சிறு சுறாவுக்கு ஆங்கிலத்தில் இன்றும் 'மில்க் ஷார்க்' என்றுதான் பெயர். அதன் இறைச்சி தாய்ப்பாலைப் பெருக்கும் என்று இந்தியக் கரையோர மக்கள் நம்பியதே அந்தப் பெயருக்குக் காரணம். அதன் சொந்தக்காரச் சுறா ஒன்றுக்கு 1839இல் முல்லர், ஹென்லே என்ற இருவர் சூட்டிய லத்தீன் பெயரில் 'சொர்ரா' என்றே ஒரு சொல் நிற்கிறது. நம் மீனவர் வாயில் புழங்கிய சுறாதான் அது. பால்சுறா முட்டையிடுவதில்லை. தொப்புள்கொடியோடு குட்டி ஈனும். மீன் வெட்டும் பெண்கள் அதன் வயிற்றைக் கீறும்போது கொடியோடு குட்டிகள் சரிவதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டிருக்கிறார்கள். தாயையும் பாலையும் இந்த மீனோடு சேர்த்து நினைக்க அந்தக் காட்சியே போதுமானதாக இருந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

பால்சுறாவை உதிர்த்து வதக்கும் கறிதான் வறை. அதற்கு முதலில் சுறாவைத் துண்டாக்கி, மஞ்சளும் உப்பும் போட்டு அவிப்பார்கள். ஆறியதும் அரம்போல் சொரசொரக்கும் தோலை உரித்து, நடுமுள்ளை எடுத்துவிட்டு, சதையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து ஒரு சொட்டு நீரும் மிஞ்சாமல் பிழிவார்கள். பிழிந்த சதை தேங்காய்ப்பூவைப்போல் உதிரும். மற்ற நாட்களில் செத்தல் மிளகாய் விழும் சட்டியில், பிள்ளைபெற்றவளுக்காக மிளகும் நற்சீரகமும் விழும். உள்ளி மட்டும் பல்லுக் கணக்கில் இல்லை, பூட்டுக் கணக்கில் போகும். நல்லெண்ணெயில் வெங்காயமும் கறிவேப்பிலையும் வதங்கி, உதிர்த்த சுறா அதில் விழுந்து, தேங்காய்ப்பூ கடைசியாகச் சேரும்போது எழும் வாசம் படலை வரைக்கும் வரும்.

வறைக்குத் துணை சரக்குக்கறி. மல்லி, மிளகு, நற்சீரகம், வேர்க்கொம்பு, திப்பிலி, மஞ்சள் இவைதான் சரக்கு. அம்மியில் தண்ணீர் தெளித்து விழுதாகும் வரை அரைத்து, ஒட்டி, ஓரா, விளை போன்ற சின்ன மீன்களோடு மண்சட்டியில் காய்ச்சுவார்கள். மீன் கிடைக்காத நாளில் முருங்கைப்பிஞ்சோ கத்தரிப்பிஞ்சோ போகும். சைவச் சாப்பாட்டு வீடுகளில் என்றும் அதுதான். குழைந்த சோற்றில் அந்தக் கறியை விட்டு, சுடச்சுட, பிள்ளைபெற்றவள் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

கறியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்தக் கடைசி வரியைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அவள் அடுப்படிக்குப் போவதில்லை. பிள்ளை பிறந்தால் வீட்டுக்குத் துடக்கு. 31ஆம் நாள் வீடு கழுவி, பிள்ளைக்கு முடியிறக்கி, துடக்குக் கழிக்கும் வரைக்கும் தாய் சமைக்கக்கூடாது, கிணற்றடிக்குப் போகக்கூடாது, சாமியறையின் வாசலை மிதிக்கக்கூடாது. நொச்சி, ஆடாதோடை, வேப்பிலை அவித்த வேதுத் தண்ணீரில் இன்னொருவர் அவளைக் குளிப்பாட்டுவார். மற்ற நேரமெல்லாம் அவளும் பிள்ளையும் ஒரே அறையில், ஒரே பாயில். பெண்ணின் உடலைத் தீட்டு என்று ஒதுக்கிய விதி அது. அதில் நியாயம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த விதியின் நிழலில் அவளுக்கு ஒரு மாதம் கிடைத்தது. நெல் குற்றவும் தண்ணீர் அள்ளவும் வேண்டியிருந்த காலத்தில், பிள்ளைக்குப் பால் கொடுப்பதைத் தவிர வேறு வேலையில்லாத ஒரு மாதம்.

அந்த மாதத்தின் பொறுப்பெல்லாம் மருத்துவிச்சியின் தலையில். பல ஊர்களில் அவர் முடிதிருத்தும் சமூகத்துப் பெண். பிள்ளையை ஏந்தியது, கொடி அறுத்தது, மார்பில் பால் கட்டினால் வெதுவெதுப்பான துணியால் ஒத்தடம் கொடுத்து இறக்கியது எல்லாம் அவர் கைதான். ஒரு ஊரில் பாதிப் பேரை உலகத்துக்குக் கொண்டுவந்தவரைத் துடக்குக் கழிந்ததும் முற்றத்தோடு நிறுத்திய வீடுகள் ஏராளம். அந்த மருத்துவிச்சிகளின் பெயர்களை யாரும் எழுதிவைக்கவில்லை. யாழ்ப்பாணத்தின் தாய்ப்பால் வரலாற்றில் மிகப் பெரிய இழப்பு அதுதான்.

எழுதிவைக்கப்பட்டவை ஏடுகள். யாழ்ப்பாண அரசர்களின் பட்டப்பெயர்களைத் தாங்கிய செகராசசேகரமும் பரராசசேகரமும் இங்கே தமிழ் மருத்துவத்தின் மூலநூல்கள். ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரராசசேகரத்தைப் பாகம் பாகமாக அச்சேற்றியிராவிட்டால் பல ஏடுகள் செல்லரித்தே போயிருக்கும். பால் பெருக்கத் தமிழ் வைத்தியர் நாடியவற்றில் தண்ணீர்விட்டான் கிழங்கு முதன்மையானது. அம்மான் பச்சரிசியும் உண்டு. வேலியோரத்தில் முளைக்கும் அந்தச் சிறுபூண்டின் தண்டைக் கிள்ளினால் வெள்ளையாய்ப் பால் வடியும். பால் உள்ளது பாலைத் தரும் என்பது அந்தக் கால நியாயம்.

1847இல் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்திறங்கினார். மானிப்பாயில் இருந்துகொண்டு மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிப்பது என்று முடிவெடுத்தவர் அவர். அறுவை மருத்துவ நூலும் இரசாயன நூலும் தமிழுக்கு வருவதற்கு முன்னரே, 1857இல், பிரசவ வைத்திய நூல் வந்துவிட்டது. எது முதலில் வேண்டும் என்பதை ஊரைப் பார்த்து அவர் தெரிந்துகொண்டிருந்தார். ஆனால் அவரிடம் படித்துத் தேறிய 60க்கும் மேற்பட்டோர் ஆண்கள். பிள்ளைப்பேற்று அறைக்குள் ஆண் வைத்தியரை விட ஊர் சம்மதிக்கவில்லை. நூல் மேசையில் இருந்தது, அறைக்குள் மருத்துவிச்சி இருந்தார். இந்த இடைவெளி குறையத் தொடங்கியது 1898இல், இணுவிலில் பெண்களுக்கென்று மக்லியோட் ஆஸ்பத்திரி திறந்தபோது. டாக்டர் இசபெல்லா கர் அங்கே நெடுங்காலம் பணி செய்தார். "நான் இணுவில் ஆஸ்பத்திரியிலை பிறந்தனான்" என்று சொல்லும் பெரியவர்கள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள்.

அதே காலத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் போன யாழ்ப்பாணத்தார் ரயில்வேயிலும் கந்தோர்களிலும் எழுதுவினைஞர்களாக அமர்ந்தார்கள். டின் பால் நாகரிகத்தின் அடையாளமாக அங்குள்ள நகரங்களில் பரவிய காலமும் அது. சீனி கலந்த கட்டிப்பாலைக் குழந்தை உணவென்று விற்றார்கள், தாய்மார் நம்பிக் கொடுத்தார்கள், பிள்ளைகள் மெலிந்து செத்தன. ஜமேக்காவில் பிறந்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939இல் சிங்கப்பூர் ரோட்டரிக் கழகத்தில் இதைக் கொலை என்றே சொன்னார். 'பாலும் கொலையும்' என்பதுதான் அவருடைய பேச்சின் தலைப்பு.

புட்டிப்பால் தாய்ப்பாலை எப்படிக் கொல்கிறது என்பதை மாடு வளர்த்த யாழ்ப்பாணத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. கன்று முட்ட முட்டத்தான் மடியில் பால் இறங்கும். கன்றைக் காணாத பசு பாலை அடக்கிக்கொள்ளும். ஒழுங்காய்க் கறக்காத மடி வற்றும். மனிதத் தாய்க்கும் விதி அதுதான். பிள்ளை சப்பும்போது புரோலாக்டின் சுரந்து பாலை உண்டாக்குகிறது, ஒக்சிடோசின் சுரந்து பாலை இறக்குகிறது. மார்பு வெறுமையானால் வேகமாக நிரம்பும், நிரம்பியே கிடந்தால் உற்பத்தி குறையும். இராப் பாலூட்டலுக்குப் புரோலாக்டின் கூடுதலாகப் பதில் சொல்லும். "எனக்குப் பால் காணாது" என்று பயந்த தாய் ஒரு சூப்பிப் போத்தல் கொடுத்தால், வயிறு நிறைந்த பிள்ளை அடுத்த முறை அரைமனதாய்ச் சப்பும், பால் இன்னும் குறையும், இரண்டாவது போத்தல் வரும். பால் வற்றும் கதை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

அப்படியென்றால் பால்சுறாவும் சரக்கும் வீணா? 1991இல் அமெரிக்காவில் மெனெல்லாவும் போஷாம்பும் தாய்மாருக்கு உள்ளி கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு மணி நேரத்தில் பாலில் உள்ளி வாசம் ஏறியது. பிள்ளைகள் மார்பை விட்டுவிடாமல் வழக்கத்தைவிட நீண்ட நேரம் பிடித்துச் சப்பின. உள்ளியைப் பூட்டுக் கணக்கில் போட்ட ஆச்சிமாருக்கு அந்த ஆய்வு ஒரு மரியாதை. ஆனால் பால் பெருக்கும் உணவுகளையும் மருந்துகளையும் பற்றிய 41 ஆய்வுகளை, 3005 தாய்மாரின் விவரங்களோடு, 2020இல் தொகுத்துப் பார்த்த கொக்ரேன் ஆய்வாளர்கள் எதையும் உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று திடமாக இல்லை என்றே முடித்தார்கள். சுறா நல்ல புரதம், முருங்கையிலை நல்ல சத்து. அதற்கு மேலே அவற்றின் மேல் பாரம் ஏற்றத் தேவையில்லை. பாலைப் பெருக்கியது கறியைவிட, அந்தக் கறியை இன்னொருவர் காய்ச்சிக் கொடுத்த அந்த 31 நாளும், ஒரே பாயில் கிடந்த பிள்ளையும்தான்.

பழைய வழக்கம் எல்லாவற்றையும் இதற்காகத் தலையில் வைத்துக்கொள்ள முடியாது. முதல் இரண்டு மூன்று நாள் சீம்பாலைப் பீச்சிக் கொட்டிவிட்டு, பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைத்த வீடுகள் இருந்தன. மஞ்சளாய், கெட்டியாய் இருந்ததால் அது கெட்ட பால் என்று நினைத்தார்கள். பிள்ளையின் முதல் தடுப்பு மருந்தே அதுதான். பத்தியம் என்ற பெயரில் தாய்க்குத் தண்ணீரைக் குறைத்ததும் தவறு. தாகத்தோடு பால் கொடுப்பது எவ்வளவு பெரிய வேதனை என்பது கொடுத்தவளுக்குத்தான் தெரியும்.

உலக சுகாதாரப் பேரவை 1981இல் பால்மா விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் நெறிக்கோவையை ஏற்றது. இலங்கை 1983இலேயே தனக்கென ஒன்றை வகுத்துக்கொண்டது. அதன் பிறகு வீடு வீடாய் நடந்த வேலை குடும்பநல மாதுவுடையது. பிள்ளை பிறந்து 10 நாளுக்குள் படலையில் சைக்கிள் மணி கேட்கும். பிள்ளை மார்பை எப்படிப் பிடிக்கிறது என்று அவர் குனிந்து பார்ப்பார். காம்பு மட்டும் வாயில் இருந்தால் எடுத்துவிட்டு, கருவட்டமும் உள்ளே போகும்படி வாய் திறந்து பிடிக்கவைப்பார். மருத்துவிச்சி செய்த வேலையை இப்போது அரசாங்கச் சீருடையில் இன்னொரு பெண் செய்கிறார். 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், இலங்கையில் 6 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளில் 82 வீதம் தாய்ப்பால் மட்டுமே குடித்தன. உலகில் சில நாடுகளுக்கே எட்டிய எண் அது.

போர்க்காலத்தில் தாய்ப்பாலின் அருமை தெரிந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தின் வலிகாமம் முழுதும் இடம்பெயர எழுந்து நடந்தது. நாவற்குழிப் பாலத்தை நோக்கி இலட்சக்கணக்கானோர் மழையில் அடி அடியாக நகர்ந்தார்கள். சுத்தமான தண்ணீர் இல்லை, அடுப்பு இல்லை, போத்தல் அவிக்க வழியில்லை. அந்த வீதியில் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய பாதுகாப்பான ஒரே உணவு தாயின் மார்பில்தான் இருந்தது. அதிர்ச்சியில் பால் வத்திப்போச்சு என்று அழுத தாய்மார் இருந்தார்கள். பயம் பால் இறங்குவதைத் தடுக்கும், சுரப்பதை அழித்துவிடாது. பிள்ளையைத் திரும்பத் திரும்ப மார்பில் போட்டால் பால் திரும்பும்.

குறைமாதத்தில் பிறந்து, சப்பத் தெரியாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் பிள்ளைக்கும் தாய்ப்பாலே வழி, அதை எடுத்துக் கொடுக்கவேண்டும். பால் எடுக்கும் பம்புக்கு அமெரிக்காவில் 1854இலேயே நீதம் என்பவர் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனாலும் வார்ட்டில் தாய்க்கு முதலில் பழக்குவது கையைத்தான். பெருவிரல் கருவட்டத்துக்கு மேலே, சுட்டுவிரல் கீழே. முதலில் நெஞ்சுப் பக்கமாக உள்ளே அமத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து நெருக்கவேண்டும். தோலை இழுக்கக்கூடாது. முதல் நாள் தேக்கரண்டியின் அடிதான் நனையும். அதைப் பார்த்து மனமுடைந்து போகக்கூடாது என்று தாதிமார் சொல்வார்கள். அந்த வயிற்றுக்கு அன்று அவ்வளவுதான் வேண்டும். இரவும் பகலுமாக 8 முறைக்குக் குறையாமல் எடுத்துக்கொண்டிருந்தால் மூன்றாம் நாலாம் நாள் கோப்பையில் பால் ஏறத் தொடங்கும்.

ஸ்காபரோவிலும் லண்டனிலும் பிள்ளை பெறும் யாழ்ப்பாணப் பெண்களுக்கு மின்சாரப் பம்ப் கிடைக்கிறது. பால்சுறா கிடைத்தாலும் அளவோடுதான். மற்ற மீன்களைத் தின்னும் மீன்களில் பாதரசம் சேர்வதால், பால் கொடுக்கும் தாய் கிழமைக்கு ஒரு தரத்துக்கு மேல் சுறா சாப்பிடவேண்டாம் என்று பிரித்தானிய சுகாதார சேவை சொல்கிறது. கணவனுக்குச் சில கிழமை விடுப்பு, பிறகு நாள் முழுதும் அவளும் பிள்ளையும் பம்பும். அதனால்தான் பிள்ளைப்பேறு பார்க்க என்று அவர்களின் தாய்மார் விசா எடுத்து ஊரிலிருந்து வருகிறார்கள். பெட்டியில், உடுப்புக்கு நடுவில், இரண்டு பொலித்தீன் பைக்குள் வறுத்து இடித்த சரக்குத்தூள் இருக்கும். வந்திறங்கிய அன்று, குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே, சட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு அம்மா அடுப்படிக்குப் போகிறார். மகள் அறையில் பிள்ளையோடு படுத்திருக்கிறாள்.