ஒற்றை மரம், ஒற்றை ஆள், ஒற்றைத் துடுப்பு



கனடாவில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஏரிக்கரையில் பளபளவென்று ஒரு மரப்படகு. ஒரே ஒரு ஆள் உட்காரலாம். விடுமுறை நாளில் காரின் மேலே கட்டிக்கொண்டு போய், ஏரியில் இறக்கி, தனியாகத் துடுப்புப் போடுகிறாராம். கூடவே ஒரு கேள்வி: "சார், இவ்வளவு ஆறு குளம் இருந்தும் நம்ம பக்கம் ஏன் சார் யாரும் ஆளுக்கொரு படகு வச்சுக்கல?"

நல்ல கேள்வி. நாலு வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

முதலில் கொஞ்சம் பூகோளம். குற்றாலத்து மலையில் பெய்யும் மழை கிழக்கே வழிந்தால் சிற்றாறு. சீசனில் பாறையில் உருண்டு ஓடும். கோடையில் கணுக்கால் நனையாமல் கடந்துவிடலாம். நடுவில் அணைக்கட்டு, கால்வாய், குளம். இதில் படகு வைத்து எங்கே போவது? அதே மழை ஆரியங்காவுக்கு அந்தப்பக்கம் வழிந்தால் கல்லடையாறு. அது கொல்லம் பக்கத்தில் அஷ்டமுடிக் காயலில் போய்ச் சேர்கிறது. அங்கே ரோடு வருவதற்கு முன்னால் தண்ணீர்தான் ரோடு. வாசலில் மாடு நிற்பதுபோல வீட்டுக்கு வீடு ஒரு வள்ளம் நின்றது. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரில்தான் இருந்தது என்பதை நினைத்துக்கொண்டால், அது ஒன்றும் நமக்கு அந்நிய பூமி இல்லை. ஆக, ஆளுக்கொரு படகு நம் பக்கமும் இருந்தது. மலையைத் தாண்டி இருந்தது.

வள்ளம் என்றால் பழைய முறையில் ஒரே மரத்தைக் குடைந்து செய்வது. ஆஞ்சிலி மரம் இதற்குப் பேர்போனது. நம் பக்கம் அயனி என்போம். தண்ணீரில் கிடந்தாலும் லேசில் உளுக்காது. ஓணத்துக்குப் போட்டி போடும் பாம்பு வள்ளங்களும் இந்த மரத்தில்தான். ஏழைபாழைகள் மாமரத்தில் குடைந்துகொள்வார்கள். வாய்ச்சியால் செதுக்கி, உட்புறத்தைக் கொத்தி எடுத்து, மீனெண்ணெயோ முந்திரிக்கொட்டை எண்ணெயோ பூசிவிட்டால் பல வருஷம் உழைக்கும்.

இது எத்தனை பழசு தெரியுமா? ரோமானிய எழுத்தாளர் பிளினி, கி.பி. 77 வாக்கில் எழுதிய நூலில், கேரளக் கரையில் மிளகை ஒற்றை மரத்தில் குடைந்த ஓடங்களில் துறைமுகத்துக்குக் கொண்டுவருகிறார்கள் என்று குறித்திருக்கிறார். 2007-இல் கொடுங்கல்லூர் அருகே பட்டணம் என்ற ஊரில் கேரள வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்தார் தோண்டியபோது, பழைய படகுத்துறை ஒன்றின் ஓரமாகச் சுமார் 6 மீட்டர் நீளமுள்ள ஓடம் ஒன்று கிடைத்தது. ஏறத்தாழ 2000 வருஷம் பழசு. என்ன மரம் என்று பார்த்தால், அதே ஆஞ்சிலி!

சரி, காயலில் வள்ளம். கடலில்? அலை மோதும் கரையில் குடைந்த ஓடத்தை இறக்கினால் தண்ணீர் புகுந்து முழுகும். அதற்கு நம் முன்னோர் கண்ட உபாயம்தான் கட்டுமரம். பள்ளமே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். லேசான மரத்துண்டுகளை வரிசையாக வைத்துக் கயிற்றால் இறுக்கினார்கள். அலை மேலே ஏறினாலும் இடுக்கு வழியாக வடிந்துவிடும். முழுக வழியே இல்லை. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காயவைப்பார்கள். மரம் ஊறிப்போனால் கனத்துவிடும் அல்லவா? குமரி முதல் சென்னை வரை இதுதான் சின்ன மீனவனின் சொத்து. சிறிய கட்டுமரத்தை ஒரே ஆள் கடலில் தள்ளிக்கொண்டு போய்விடுவார்.

சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். வெள்ளைக்காரர் படகுகள் அந்த அலையைத் தாண்டத் திணறும். அப்போது கடிதங்களைக் கப்பலுக்குக் கொண்டு சேர்த்தவர்கள் கட்டுமரக்காரர்கள். நனையாமல் இருக்க, ஓலையில் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதத்தை வைத்துக்கொண்டு போவார்கள். அலை புரட்டிப் போட்டாலும் மறுபடி ஏறிக்கொள்வார்கள். கம்பெனியின் கடுதாசி ஒரு மீனவரின் தலையில் பத்திரமாகப் போயிற்று!

1697-இல் வெளியான டாம்பியர் என்ற ஆங்கில மாலுமியின் பயண நூலில் நம் கட்டுமரம் இடம்பெற்றுவிட்டது. அந்தச் சொல்தான் 'கட்டமரான்' ஆகி, இன்று இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகுகளுக்குப் பெயராக நிற்கிறது. 'கெனூ' என்ற சொல்லும் இப்படித்தான்: கொலம்பஸ் போன கரீபியன் தீவுகளின் பூர்வகுடிகள் குடைந்த ஓடத்துக்கு வைத்திருந்த பெயர் அது. இரண்டு கரை மக்களிடமிருந்தும் சொல்லை எடுத்துக்கொண்டார்கள்.

பிழைப்புக்கான ஓடம் ஆசைக்குரிய பொருளாக மாறியது எப்போது? 1865-இல் மெக்ரெகர் என்ற ஸ்காட்லாந்து வக்கீல், ராப் ராய் என்று பெயரிட்ட சிறு மரப்படகில் ஐரோப்பிய நதிகளில் தனியாகச் சுற்றி, அதைப் புத்தகமாகவும் எழுதினார். அது பலரையும் படகு வாங்க வைத்தது. 1883-இல் அமெரிக்காவில் சியர்ஸ் என்பவர், அறுபதைத் தாண்டியவர், நுரையீரல் நோயாளி, உடம்பிலும் சிறியவர், ரஷ்டன் என்ற படகு ஆசாரியிடம் தமக்கென்று ஒரு ஓடம் செய்யச் சொன்னார். 9 அடி நீளம், எடை 5 கிலோவுக்கும் குறைவு! அதில் 266 மைல் போய்வந்தார். பெரிய படகென்றால் நாலு பேர் வேண்டும். தன் உடம்புக்கு அளவெடுத்த படகு என்பதால் அந்த நோயாளி யாரையும் எதிர்பார்க்காமல் காடு மலை ஏரி எல்லாம் பார்த்தார்.

தனி ஓடத்தின் கவர்ச்சி அங்கேதான் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் துடுப்புப் போட்டால் ஓடம் மறுபக்கம் திரும்பும். தள்ளி முடிக்கிற நேரத்தில் துடுப்பை லேசாகத் திருப்பினால் நேராகும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, இடுப்புக்கும் கைக்கும்தான் தெரியவேண்டும். பழகிவிட்டால் நினைத்த பக்கம் போகும். எண்ணெய்ச் செலவில்லை, சத்தமில்லை, கூலி கேட்பாரில்லை. அஷ்டமுடியில் வலை போடுகிறவருக்கும் கனடாவில் ஏரி சுற்றுகிறவருக்கும் இந்தச் சுகம் ஒன்றுதான்.

வித்தியாசம் எங்கே வந்தது? அங்கே வக்கீலும் எழுத்தாளரும் துடுப்பைக் கையில் எடுத்தார்கள். இங்கே படித்தவர்கள் கரையிலேயே நின்றோம். சங்க நூல்களில் அம்பி, திமில், புணை, தோணி, பஃறி என்று எத்தனை பெயர்! வகுப்பில் மனப்பாடம் செய்தோம், மார்க் வாங்கினோம். ஆனால் அவற்றை ஓட்டிய பரதவரையும் முக்குவரையும் ஊருக்கு வெளியே உள்ள ஆட்களாகவே பார்த்தோம். துடுப்புப் பிடிப்பது தாழ்ந்த வேலை என்று நினைத்த சமூகத்தில் அது எப்படிப் பொழுதுபோக்காகும்? மாணவரின் கேள்விக்கு என் பதில் இதுதான். படகுக்குப் பஞ்சமில்லை. நம்மிடம் மரியாதைக்குத்தான் பஞ்சம்.

அந்த மரப்படகுகளும் குறைந்துவிட்டன. பருத்த மரம் கிடைப்பது அரிதானதால், குமரி மாவட்டம் முட்டத்தில் 1980-களிலேயே ஒட்டுப்பலகையில் வள்ளம் கட்ட ஆரம்பித்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையெங்கும் ஃபைபர் படகுகள் வந்து இறங்கின. அவை வேகமானவை, தூரம் போகும். உயிருக்குப் பயந்து உழைக்கிறவனிடம் பழையதையே கட்டிக்கொண்டு அழு என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் எஞ்சினுக்கு எண்ணெய் வேண்டும், கூட ஆள் வேண்டும், முதல் போடக் கடன் வேண்டும். கடன் கொடுத்தவர் சொன்ன விலைக்கு மீனைக் கொடுக்க வேண்டும். கட்டுமரக்காரர் வறுமையில் இருந்தார்; ஆனாலும் இன்று போகலாமா வேண்டாமா என்பதை அவரே தீர்மானித்தார்.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். குற்றாலம் ஐந்தருவிப் பக்கம் படகு குழாமில் மிதிபடகு ஏறினால் மட்டும் போதாது. 2018 முதல் அகல ரயில்பாதை கொல்லம் வரை போகிறது. பதிமூன்று கண் பாலத்தைப் பார்த்துக்கொண்டே போய், அங்கிருந்து வண்டி மாறி மன்றோ துருத்தில் இறங்குங்கள். கல்லடையாறு காயலில் கலக்கிற இடம். சின்ன வள்ளத்தில் தோடு தோடாகச் சுற்றிக் காட்டுவார்கள். லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். கோல் ஊன்றுகிறவரிடம், "சேட்டா, இது என்ன மரம்? யார் செய்தது?" என்று கேளுங்கள். மலையாளம் வராவிட்டால் தமிழில் கேளுங்கள், புரியும். அவர் சொல்வதைக் குழந்தைகளை உட்காரவைத்துக் கேட்க வையுங்கள். பேரம் பேசாமல் கூலியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

உங்கள் வீட்டில் தாத்தா பாட்டி யாராவது வள்ளத்திலோ கட்டுமரத்திலோ போயிருந்தால் கீழே எழுதுங்கள். எல்லோரும் படிக்கலாம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், தென்காசி