உடைத்த கண்ணாடியும் பூங்கா விளக்குமாறும்

தவறிழைத்த சிறுவர்களுக்கான சீர்திருத்தப் பள்ளி 1887-இல் செங்கல்பட்டில் தொடங்கியது. வீட்டிலிருந்து பிரித்துத் தொழில் பழக்குவதுதான் அன்றைய மருந்து. 1920-இல் வந்த சென்னைச் சிறார் சட்டம், இந்தியாவில் இவ்வகையில் முதலாவது, சிறுவர்களைப் பெரியவர்களின் சிறையிலிருந்து விலக்கியது.

உடைத்தவனே ஊருக்கு உழைக்கட்டும் என்ற எண்ணம் சட்டத்தில் ஏற நெடுங்காலம் ஆயிற்று. ‘ரூட்டு’ தகராறில், அதாவது பேருந்துத் தடங்களின் பெயரால் மாணவர்கள் மோதிக்கொள்வதில், மாநகரப் பேருந்தின் கண்ணாடியை உடைத்த பள்ளி மாணவனை, 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 18-ஆம் பிரிவுப்படி, நீதிக் குழுமம் கண்டித்து அனுப்பலாம். பெற்றோரை அபராதம் கட்டச் சொல்லலாம். மேற்பார்வையில் சமூக சேவைக்கும் அனுப்பலாம். பூங்காவைப் பராமரிப்பது, முதியோருக்கு உதவுவது என விதிகளே வேலைகளைக் காட்டுகின்றன. சீட்டில் சிதறிய சில்லுகளைப் பொறுக்கிய நடத்துநரின் முகத்தை அவன் பார்த்தாக வேண்டும் என்று மட்டும் அந்தப் பிரிவு கேட்பதில்லை.