வெட்டுக்கிளிகளின் பருவமும் பெருக்கமும்: கொலராடோ, கான்சாஸ் ஆய்வுகளை முன்வைத்து

சூடு கூடினால் பூச்சிகள் விரைந்து வளரும், விரைந்து வளர்ந்தால் பெருகும் என்ற கருத்து பருவநிலை மாற்றம் குறித்த எழுத்துகளில் அடிக்கடி தலைகாட்டுகிறது. இதன் முற்பாதி பெரும்பாலும் சரி. பிற்பாதிக்குத் தனியே சான்று வேண்டும். வெட்டுக்கிளிகள் எப்போது முதிர்கின்றன என்பதை முதன்மையாக வெப்பம் தீர்மானிக்கிறது. எத்தனை முதிர்கின்றன என்பதில் உணவின் தரத்துக்கும் பெரும் பங்குண்டு. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காத முடிவுகள் பிழையாகவே அமையும் என்பது என் வாதம்.

கொலராடோப் பல்கலைக்கழகப் பூச்சியியலாளர் கார்டன் அலெக்சாண்டர், போல்டர் நகரை ஒட்டிய ராக்கி மலைச் சரிவில் 1950களின் இறுதியில் வெட்டுக்கிளிகளைக் கணக்கெடுத்தார். கோடை முழுதும் வாரந்தோறும் ஒரே இடங்களுக்குச் சென்று, எந்த இனம் இளம்பருவத்தில் இருக்கிறது, எது சிறகு முற்றிவிட்டது என்று குறித்து வைத்தார். அந்தக் குறிப்புகளும் அவர் சேகரித்த பூச்சிகளும் பாதுகாக்கப்பட்டதால், சீசர் நூஃபியோவும் உடன் ஆய்வாளர்களும் 2006 முதல் 2008 வரை அதே இடங்களில் கணக்கெடுப்பை மீண்டும் நடத்த முடிந்தது. இடங்கள் நான்கு: 1752 மீட்டர் உயரத்துப் புல்வெளி, அதற்கு மேலே 2195, 2591, 3048 மீட்டர் உயரங்களில் மலைப்பகுதிகள். அன்றாட வெப்பநிலைப் பதிவுகளும் கைவசம் இருந்தன.

2010இல் வெளியான முடிவுகள் இடத்துக்கு இடம் வேறுபட்டன. அடிவாரத்தில் வெப்பம் அதிகம் கூடவில்லை. வெட்டுக்கிளிகள் முதிரும் நாளும் அதிகம் மாறவில்லை. அடுத்த இடத்தில் வெப்ப உயர்வு சிறிது. சில இனங்கள் முந்தின, சில முந்தவில்லை. மேலிரண்டு இடங்களில் வெப்பம் நன்றாகவே கூடியிருந்தது. முதிர்ந்த பூச்சிகளும் தெளிவாக முன்கூட்டித் தோன்றின. ஒரே மலைச் சரிவில், ஒருசில மணி நேரப் பயணத் தொலைவுக்குள், இத்தனை வேறுபாடு. உலக சராசரி வெப்ப உயர்வை மட்டும் வைத்து ஓர் ஊரின் பூச்சிகளைப் பற்றித் தீர்ப்புக் கூற முடியாது என்பதற்கு இது போதும்.

இதன் இயக்கத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அங்குள்ள பெரும்பாலான இனங்கள் மண்ணுக்குள் முட்டையாகக் குளிர்காலத்தைக் கடக்கின்றன. பொரித்து வரும் இளம்பூச்சி பலமுறை தோலுரித்தே சிறகு பெறும். ஒவ்வொரு படிக்கும் குறிப்பிட்ட அளவு வெப்பம் சேர வேண்டும். வளர்ச்சிக்கான கீழெல்லை 12 டிகிரி என்று கொண்டால், சராசரி 20 டிகிரி உள்ள ஒரு நாள் கணக்கில் 8 அலகுகளைச் சேர்க்கும். 11 டிகிரி நாள் எதையும் சேர்க்காது. ஓர் இனம் முதிர 1959இல் தேவைப்பட்ட அலகுகளே அரை நூற்றாண்டுக்குப் பின்னும் தேவைப்பட்டன. அந்தத் தொகை நிறையும் நாள்தான் முன்னே நகர்ந்திருந்தது. இந்த ஆய்வின் மிக வலுவான பகுதி இதுவே என்று கருதுகிறேன். வெப்பமும் பருவமும் ஒத்துப்போகின்றன என்று சொல்வதோடு நில்லாமல், ஒன்று மற்றொன்றை எவ்வாறு நகர்த்துகிறது என்பதையும் இது காட்டுகிறது.

இன்னொரு முடிவு பொதுவான எதிர்பார்ப்புக்கு மாறானது. வசந்தம் முந்துவதால் முதலில் தோன்றும் இனங்களே அதிகம் முந்தும் என்று நினைப்போம். ஆனால் மேல்மலையில் மிக அதிகமாக முந்தியவை பிந்தி முதிரும் இனங்கள். அங்கே பருவத்தின் பிற்பகுதியில் வெப்பம் வேகமாகக் கூடியிருந்ததுடன் இது பொருந்துகிறது. ஆண்டு சராசரியை மட்டும் பார்த்தவர்களுக்கு இது புலப்பட்டிருக்காது.

இனி எண்ணிக்கை. கான்சாஸ் மாநிலப் புல்வெளி ஒன்றில் திரட்டிய 16, 22 ஆண்டுத் தரவுகளை எலன் வெல்டியும் உடன் ஆய்வாளர்களும் 2020இல் வெளியிட்டனர். அங்கே புல்லின் உயிர்த்திரள் இரு மடங்கானது. உணவு பெருகியும் வெட்டுக்கிளிகள் ஆண்டுக்கு 2.1 முதல் 2.7 விழுக்காடு வரை குறைந்து வந்தன. புல் பெருகியதே தவிர, அதில் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், சோடியம் ஆகியவற்றின் செறிவு தாழ்ந்துவிட்டது. வயிறு நிரம்பினாலும் சத்துப் போதாத நிலை. எண்ணிக்கையில் கண்ட ஏற்ற இறக்கத்தில் கால்பங்கை இந்தச் சத்துக்குறைவு விளக்கியது. எல் நினோ போன்ற பெருங்கடல், வளிமண்டலச் சுழற்சிகள் 40 முதல் 54 விழுக்காடு வரை விளக்கின.

ஆக, மேல்மலை வெட்டுக்கிளி முந்தி முதிர்வதைப் பார்த்து அது செழிக்கிறது என்று முடிவுகட்ட இடமில்லை. இதில் ஆய்வுமுறைச் சிக்கல் ஒன்றும் அடங்கியிருக்கிறது. ஆண்டுதோறும் ஜூலையில் ஒரே தேதியில் எண்ணும் ஆய்வாளர், பருவம் முந்திய ஆண்டில் முதிர்ந்தவற்றை மிகுதியாகவும், பிந்திய ஆண்டில் குறைவாகவும் காண்பார். கூட்டத்தின் அளவு மாறாதபோதும் பெருகியதாகவோ சுருங்கியதாகவோ எழுதிவிடுவார். அலெக்சாண்டரைப் போல வாரந்தோறும் சென்று, இளம்பூச்சி, முதிர்பூச்சி என்று பிரித்து எழுதி, அவ்விடத்து வெப்பப் பதிவையும் புல்லின் சத்தளவையும் அருகே வைத்தால்தான் இந்தக் குழப்பம் தீரும். அத்தகைய தரவு இல்லாமல், வெப்பம் கூடியதால் வெட்டுக்கிளி பெருகிற்று என்றோ அருகிற்று என்றோ எழுதும் முடிவுகளை ஆய்விதழ்கள் ஏற்கக் கூடாது.